ரைனியின் தாடைகளும் சிறகின் வயதும்

பூச்சிகள் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பறந்தன என்னும் கருத்து 2004 முதல் கணுக்காலிகளைப் பற்றிய எழுத்துகளில் வேரூன்றிவிட்டது. அதற்குக் காட்டப்படும் உடற்சான்று ஒன்றே. ஸ்காட்லாந்தின் ரைனி செர்ட் பாறையில் கிடைத்து, 1928இல் டில்யார்டு 'ரைனியோக்னாதா ஹிர்ஸ்டி' எனப் பெயரிட்ட புதைபடிவம் அது. இன்றுவரை அறியப்பட்ட ஒரே மாதிரியில் எஞ்சியிருப்பவை ஒரு சோடித் தாடைகளும் தலையின் சில சிதைவுகளுமே. மார்பும் சிறகும் இல்லை. இந்தத் தாடைகளிலிருந்து பறத்தலின் வயதைக் கணிக்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இவற்றைச் சிறகுள்ள பூச்சியின் தாடைகளாகக் கொள்ளும் வாசிப்பு இரண்டு படிகளில் ஏறுகிறது. தாடையின் அடியில் இரண்டு மூட்டுமுனைகள் தெரிவதால் இது பூச்சியின் தாடை என்பது முதற்படி. தாடை குட்டையாக, முக்கோண வடிவில் இருப்பதால், தட்டானை உள்ளடக்கிய சிறகுள்ள பூச்சிகளின் பெரும்பிரிவோடு இதைச் சேர்க்கலாம் என்பது அடுத்த படி.

இரண்டாம் படியே வலுவற்றது. இருமூட்டுத் தாடை, சிறகற்ற மரபைச் சேர்ந்த வெள்ளிமீன்பூச்சிக்கும் உண்டு. ஆகவே சிறகுக்கான வாதத்தின் முழுச் சுமையும் முக்கோண வடிவத்தின்மேல் விழுகிறது. தாடையின் புறவடிவமோ உண்ணும் முறைக்கும் தசைகளின் இழுப்புக்கும் ஏற்ப மாறக்கூடியது. தொடர்பற்ற மரபுகளிலும் ஒத்த வடிவங்கள் தோன்றலாம். கல்லுக்குள் பதிந்து, விரும்பியபடி திருப்பிப் பார்க்க இயலாத ஒற்றை மாதிரியில், நாம் காணும் கோணமும் அவ்வடிவத்தை ஓரளவு தீர்மானிக்கிறது.

முதற்படியும் தோன்றுமளவு உறுதியானதன்று. மூட்டு என்பது இரண்டு உறுப்புகள் பொருந்தும் இடம். தாடையில் புடைப்பு தெரிந்தால் மட்டும் போதாது. அதை ஏற்கும் தலைப்பகுதியும் ஐயமறத் தெரியவேண்டும். மேலும், ஒருமூட்டு, இருமூட்டு என்ற பகுப்பு பாடநூல்களில் இருப்பதுபோல உயிர்களில் கூர்மையாக இல்லை. மேஃபிளை இளம்பூச்சிகளின் முன்மூட்டு இறுகப் பொருந்தாமல் வழுக்கி இயங்குகிறது. இப்படி இடைநிலைகள் உள்ள ஒரு பண்பை, பாதி சிதைந்த தலையில் 'உண்டு' எனத் துணிந்து குறிப்பது பொருந்தாது.

2017இல் அதே மாதிரியை மறுபடி படமெடுத்து ஆராய்ந்தவர்கள், இது பூரான், மரவட்டை வகைகளைச் சேர்ந்த பலகாலியாக, அநேகமாகப் பூரானாக இருக்கலாம் என்றனர். ரைனிப் பாறையில் பூரானின் எச்சங்கள் தனியாகவும் கிடைத்துள்ளன என்பதால், அம்முடிவின் பக்கமே நான் சாய்கிறேன். அது முடிந்த முடிவன்று. ஆனால் என் வாதம் அதை நம்பி நிற்கவில்லை. தாடைகள் பூரானுடையவை என்றால் சிறகுப் பேச்சுக்கே இடமில்லை. பூச்சியுடையவை என்றால், சிறகற்ற ஒரு பூச்சியே அவற்றை விளக்கப் போதும்.

2014இல் வெளியான பெரிய மூலக்கூற்று ஆய்வு பறத்தலின் தொடக்கத்தைச் சுமார் 40.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வைக்கிறதே என்று கேட்கலாம். அந்தக் கணிப்பு சரியாகவே இருக்கட்டும். அதனால் இத்தாடைகளுக்குச் சிறகு முளைத்துவிடாது. இப்புதைபடிவத்தையே அளவீட்டுப் புள்ளியாக வைத்த கணிப்பு எதுவும், தான் போட்ட எண்ணைத் தானே எடுத்துக் காட்டுகிறது. சிறகுகளுடன் கிடைத்த மிகப் பழைய பூச்சிகளுக்கும் ரைனிக்கும் இடையே 8 கோடி ஆண்டு இடைவெளி இருப்பதும் எதையும் நிறுவாது. இடைவெளி நாம் தேடவேண்டிய இடத்தைச் சுட்டலாம். தேடியது கிடைத்ததற்குச் சான்றாகாது.

எனவே காலக்கணிப்புகளில் ரைனியோக்னாதாவைச் சிறகுள்ள பூச்சிகளின் கிளையிலிருந்து விலக்க வேண்டும். தாடையுடைய கணுக்காலிகள் 40.7 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தில் வாழ்ந்தன என்பதற்கு மட்டும் அது சான்றாகட்டும். சிறகின் குறைந்தபட்ச வயதைச் சிறகுள்ள புதைபடிவமே சொல்லவேண்டும். இன்றைய நிலையில் அது ஏறத்தாழ 32.5 கோடி ஆண்டுகள்.