மிஸ்ஸிங்: ஒயரைப் பிடுங்கிப் பார்த்ததும் பி0301ம்

சேலத்திலிருந்து தருமபுரிக்கு வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றம் (இப்போது என்.எச். 44, முன்பு என்.எச். 7). சமதளத்தில் சமாளித்துவிடும் மிஸ்ஸிங், ஆள் நிறைந்த காரில் இங்கே வெளியே வந்துவிடும். ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அப்போது பிளக்கில் பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். நைந்த ஒயரும் சோர்ந்த காயிலும் அந்த இடத்தில்தான் கையை விரிக்கும்.

அம்பாசடர், பத்மினி காலத்தில் முதல் சந்தேகம் பாயிண்ட் மீதுதான். 1910ஐ ஒட்டி அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய பேட்டரி இக்னிஷனின் வாரிசு அது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு சின்ன முனைகள் பிரியும் கணத்தில் காயிலில் வோல்டேஜ் எகிறும். முனை கருகினால் உப்புத்தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்வார்கள். பிளக்குக்கு பெங்களூரு மைக்கோ (1951ல் தொடங்கியது, 2008 முதல் பாஷ்).

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது எப்படி? என்ஜின் ஓடும்போதே பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றுவார் மெக்கானிக். சத்தம் தளர்ந்தால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. கழற்றியும் மாற்றமே இல்லையா, அதுதான் செத்த சிலிண்டர்.

அமெரிக்காவில் 1996 மாடல் முதல் ஓபிடி-2 கட்டாயம். இந்தியாவில் 2013 ஏப்ரல். ஸ்கேனரைச் செருகினால் பி0301 என்று வரும்: முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். இதை ஈசியூ எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று படித்தபோது எனக்கு சிரிப்புதான் வந்தது. கிராங்க்‌ஷாஃப்டோடு சுற்றும் பல்சக்கரத்தை (பல கார்களில் 60 பல்லில் இரண்டு இருக்காது) ஒரு சென்சார் கவனிக்கும். எரியாத சிலிண்டரின் முறை வரும்போது சுழற்சி நூலிழை தளரும். மெக்கானிக்கின் காது செய்த அதே வேலை, கொஞ்சம் நுணுக்கமாக!

ஆனால் கோடு சொல்வது சிலிண்டரை மட்டும்தான், காரணத்தை அல்ல. இங்கேதான் பணம் போகிறது. பிளக், காயில், இன்ஜெக்டர் என்று வரிசையாகப் புதுசு மாட்டிக்கொண்டே போகிறார்கள். (லைட் விட்டு விட்டு எரிந்தால் ஏற்றத்தில் விரட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் கெடுக்கும். செலவு பல மடங்கு.)

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் இருக்கிற வண்டியில் பைசா செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. என்ஜினை நிறுத்திவிட்டு முதல் காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றி மாட்டி, கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0303 வந்தால் குற்றவாளி காயில். பி0301லேயே நின்றால் அடுத்து பிளக்கை இதேபோல் மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டர், அப்புறம் கம்ப்ரஷன்.