இல்லாத ஒரு பறவையின் வரலாறு

மேற்கு ஆபிரிக்காவின் மழைக்காட்டில் பறவைகள் கண்ணுக்கு எட்டுமுன் காதுக்கு எட்டுகின்றன. நெடுமரங்களின் நிழலில், செடிகொடிகள் செறிந்த கீழ்த்தட்டில், ஆளரவம் கேட்டதும் இலைகளுக்குள் மறைந்துவிடும் பாடும் பறவைகள் பல உள. அவற்றுள் ஒரு பிரிவே பச்சைப் புல்புல்கள். இலங்கையின் வீட்டுத் தோட்டங்களில் அச்சமின்றித் திரியும் கொண்டைக்குருவியும் இவையும் ஒரே குடும்பத்தவை, குணத்தாலோ வேறுபட்டவை. நிறத்திலும் உருவிலும் ஒன்றையொன்று ஒத்த இவற்றை இனம் பிரித்தறிதல் தேர்ந்த கண்ணுக்கும் எளிதன்று.

லைபீரியாவின் தென்கிழக்கே, கவல்லாக் காட்டில், ஜேர்மனியப் பறவையியலறிஞர் வுல்ஃப் காட்டர் ஒரு புதுமையைக் கண்டார். அங்கு மலிந்திருந்த இக்டரைன் பச்சைப் புல்புலையே ஒத்த பறவை. ஆயினும் அதன் சிறகுகளில் வெண்புள்ளிகள் இருந்தன. 1981 முதல் 1984 வரை அது தென்பட்டது ஒன்பது முறையே. 1984இல் ஒரு பறவை கைக்குக் கிடைத்தது. அவ்வோர் உடலை ஆதாரமாகக் கொண்டு, 1985இல் அது புதிய இனமென உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வெண்செதில் எனப் பொருள்படும் 'லியூகோலெபிஸ்' என்னும் பெயரும் அதற்கு வழங்கிற்று.

1989இன் இறுதியில் லைபீரியாவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. 1997இல் அது ஓய்ந்தது. 1999இல் மீண்டும் மூண்டு 2003இலேயே முடிவுற்றது. மக்கள் உயிர்தப்பி ஓடிய அந்நாளில் ஒரு குருவியைத் தேடிக் காடேகுவார் எவர்? அமைதி திரும்பியபின் தேடிச் சென்றோரும் அதனைக் காணாமலே மீண்டனர். பறவை அழிந்துபோயிற்றோ என அறிஞருலகம் கவலையுற்றது.

கவலைக்கு விடை காட்டில் கிடைக்கவில்லை. பாதுகாத்து வைத்திருந்த அவ்வோர் உடலிலேயே கிடைத்தது. ஸ்கொத்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தாரும் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகர அறிஞரும் அதன் மரபணுக்களை ஆராய்ந்து, 2017இல் முடிபினை வெளியிட்டனர். இக்டரைன் பச்சைப் புல்புலுக்கும் அதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவுமில்லை. இறகு முளைக்குங் காலத்தில் போதிய ஊட்டம் கிட்டாமையால் அப்புள்ளிகள் தோன்றியிருக்கலாம் என்பது அவர்தம் கருத்து. முப்பதாண்டுகளுக்கு மேலாகத் தேடப்பட்ட இனம் ஒருபோதும் இருந்ததில்லை!

இதனைக் கண்டு நகைப்பது பொருந்தாது. கண்டதைக் கண்டவாறே பதிந்து, ஆதாரத்தையும் பேணிவைத்ததனாலன்றோ பிற்காலத்தார் பிழை திருத்த முடிந்தது? சான்றைப் பிறர் சோதிக்க விட்டுவைப்பதே அறிவியலின் நேர்மை.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. அரிய பறவை ஒன்று இல்லையென்றானதால் காட்டின் அருமை குறைந்துவிடவில்லை. குள்ள நீர்யானையும் சிம்பன்சியும் லைபீரியக் காடுகளிலும் வாழ்கின்றன. ஒரு பெயர் ஏட்டிலிருந்து நீங்கினால் இழப்பில்லை. காடு நீங்கினால், பெயருள்ளனவும் இன்னும் பெயரிடப்படாதனவும் அதனுடன் நீங்கும்.