பீகார் தொழிலாளர்கள் பற்றி பரவிய வதந்தி: மதுரை வரை வந்த வழக்கு... நடந்தது என்ன? முழு விளக்கம்

தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று 2023 மார்ச் முதல் வாரத்தில் சில வீடியோக்கள் தீயாய் பரவின. பீகார் சட்டமன்றத்திலேயே பிரச்னை வெடித்தது.

வீடியோவில் இருந்தது என்ன?

காட்சிகள் நிஜம்தான். கதைதான் பொய். ஒரு வீடியோ, திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை. இன்னொன்று, கோவையில் உள்ளூர்காரர்களுக்குள் நடந்த மோதல். இதை அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபுவே விளக்கினார். ஹோலிக்கு ஊருக்குப் போகிறவர்களின் ரயில் நிலையக் கூட்டத்தைக்கூட "பயந்து ஓடுறாங்க" என்று காட்டினார்கள். பீகார் அரசு அனுப்பிய குழு நேரில் வந்து விசாரித்த பிறகே பதற்றம் தணிந்தது.

மதுரைக்கு என்ன தொடர்பு?

போலி வீடியோ பரப்பியதாக பீகார் யூடியூபர் மணீஷ் காஷ்யப் மீது மதுரையில் வழக்கு பதிவானது. பீகாரில் சரணடைந்த அவர், மதுரைக்கு அழைத்து வரப்பட்டு மத்திய சிறையில் அடைக்கப்பட்டார். ஏப்ரலில் தேசிய பாதுகாப்புச் சட்டமும் பாய்ந்தது. இந்தச் சட்டத்தில் விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்து, உயர் நீதிமன்றத்தை நாடச் சொன்னது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தத் தடுப்புக் காவலை ரத்து செய்தது. அதனால் வீடியோ உண்மை என்று ஆகிவிடாது. வதந்தி வழக்கு வேறு, தடுப்புக் காவல் வேறு.

எது பொய் என்று யார் சொல்வது?

இங்கேதான் சிக்கல். தமிழ்நாடு அரசு 2023-ல் தகவல் சரிபார்ப்பகத்தை அமைத்தது. மத்திய அரசோ, தன்னைப் பற்றிய செய்தி பொய்யா என்று தன் குழுவே முடிவு செய்யும்படி 2023 ஏப்ரலில் ஐடி விதிகளைத் திருத்தியது. "அரசு தன் வழக்குக்குத் தானே நீதிபதியா?" என்ற கேள்வி எழுந்தது. 2024 செப்டம்பரில் பாம்பே உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. அரசு மறுப்பு வெளியிடுவது வேறு. எதிர்க்கருத்தை நீக்கச் சொல்வது வேறு.

ஷேர் பண்ணும் முன் என்ன செய்யலாம்?

* வீடியோவை நிறுத்தி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் தேடுங்கள். பழைய வீடியோ என்றால் பெரும்பாலும் சிக்கிவிடும்.
* ஊர், தேதி இருக்கிறதா பாருங்கள். கடை போர்டு, வண்டி நம்பர், பேச்சு வழக்கு ஆகியவை இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.
* அரசு மறுப்பை மட்டும் நம்பாமல், சுயேச்சையான சரிபார்ப்பு தளங்களையும் பாருங்கள்.
* "ஃபார்வர்டுதானே பண்ணேன்" என்பது தப்பிக்கும் வழி அல்ல. பகையைத் தூண்டும் நோக்கில் பொய்த் தகவல் பரப்பினால், பாரதிய நியாய சன்ஹிதா 353-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு.

சந்தேகமாக இருந்தால் அனுப்பாமல் விட்டுவிடுங்கள். அந்த மார்ச் மாதம், எங்கோ ஒரு கிராமத்தில் மகனுக்கு போன் போட்டு அழுத குடும்பங்களுக்கு அதுவே பெரிய உதவியாக இருந்திருக்கும்.