முதுகுவலிக்குப் படுக்கை போட்ட காலம்

"ஜவ்வு விலகிடுச்சாம் மேடம். அசையக் கூடாதுன்னு மூணு மாசமா படுத்தே கிடக்கேன்." பிசியோதெரபி அறையில் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. இடுப்பு வலிக்குப் படுக்கை என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லித் தந்ததல்ல. நொச்சித்தழை போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரை இடுப்பில் ஊற்றிக்கொண்டு மறுநாள் களைபறிக்கப் போனவர்கள் அவர்கள். படுக்கையை விதித்தது நவீன மருத்துவம். பிறகு அதை வேண்டாமென்று விலக்கியதும் அதுதான்.

19-ஆம் நூற்றாண்டில் லிவர்பூலில் வைத்தியம் பார்த்தவர் ஹியூ ஓவன் தாமஸ். தொடை எலும்பு முறிந்தால் இன்றும் கட்டுகிறோமே, அந்தத் தாமஸ் ஸ்பிளின்ட் அவருடையதுதான். மூட்டில் காசநோய் வந்தவர்களை நீண்ட காலம் அசையாமல் வைத்தார். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம், அவர் செய்தது நியாயம். முறிவும் கிருமியும் இல்லாத வெறும் இடுப்பு வலிக்கும் பின்னால் வந்தவர்கள் அதே விதியை நீட்டினார்கள். 1934-இல் பாஸ்டனில் மிக்ஸ்டரும் பாரும், பிதுங்கிய ஜவ்வு நரம்பை அழுத்திக் காலுக்கு வலியை இறக்கும் என்று காட்டினார்கள். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அதற்குப் பிறகு எந்த இடுப்பு வலி வந்தாலும் பழி ஜவ்வின் மேல்தான். கத்தி வைக்கவில்லை என்றால் படுக்கை, இல்லாவிட்டால் இடுப்பில் பட்டை கட்டி எடையைத் தொங்கவிடும் இழுவை.

எங்கள் தொழிலில் பலரும் அறிந்த கதை ஒன்று உண்டு. 1956-இல் நியூசிலாந்தின் வெலிங்டனில், ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம் ஒருவர் வந்துகொண்டிருந்தார். வலி காலுக்கும் இறங்கியிருந்தது. மூன்று வாரமாகியும் குறையவில்லை. அன்று அவரைக் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டு மெக்கன்சி வேறு வேலையாகப் போனார். முந்தைய நோயாளிக்காக மேசையின் ஒரு முனையைத் தூக்கி வைத்திருந்தார்கள். வந்தவர் அதன்மேல் அப்படியே படுத்துவிட்டார். முதுகு பின்பக்கமாக வளைந்து கிடந்தது. ஆகவே ஆகாது என்று அன்றைக்கு நினைத்த நிலை அது. திரும்பி வந்த மெக்கன்சி பதறிப்போனார். நோயாளியோ, இத்தனை நாளில் இப்போதுதான் சுகமாக இருக்கிறது என்றார். அதைத் தற்செயல் என்று தள்ளாமல், எந்த அசைவில் கால்வலி மேலேறி முதுகுக்குள் ஒடுங்குகிறது என்று ஒவ்வொருவரிடமும் பார்த்தாரே, அதற்காக அவரைக் கும்பிடலாம். அந்த அசைவு ஆளுக்கு ஆள் மாறும். கண்டுபிடித்துவிட்டால் நோயாளி வீட்டிலேயே தானாகச் செய்துகொள்ளலாம்.

மருத்துவர்களின் மனம் மாற எண்கள் தேவைப்பட்டன. 1986-இல் டெக்சாஸில் ரிச்சர்ட் டேயோ குழுவினர் 203 பேரில் ஒரு பிரிவுக்கு 2 நாளும் மறு பிரிவுக்கு 7 நாளும் படுக்கை விதித்தார்கள். குணமாவதில் வேறுபாடு இல்லை. 2 நாள் பிரிவினர் வேலையை இழந்த நாட்கள் மட்டும் 45% குறைவு. 1995-இல் ஹெல்சின்கி மாநகர ஊழியர்கள் 186 பேரிடம் செய்த ஆய்வில், வலி பொறுக்கும் அளவுக்கு அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்களே நன்றாகத் தேறினார்கள். படுத்தவர்கள் கடைசி.

இரண்டும் புதிதாகப் பிடித்த வலியைப் பற்றியவை. ஆனால் 3 மாதம் தாண்டிய நாள்பட்ட வலிக்குப் பலரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே கட்டில்தான். தசை இளைக்கிறது, குனியப் பயம் வருகிறது, பயத்தால் இன்னும் படுக்கிறார்கள். கிளாஸ்கோவின் கார்டன் வாடெல் 1987-இல் இதை எழுதினார். அவர் ஓர் எலும்பு அறுவை மருத்துவர் என்பதால் அந்தச் சொல்லுக்குக் கூடுதல் மதிப்பு.

2023-இல் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு அறுவை இல்லாத சிகிச்சைகளை வகுத்தபோது உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மனநலச் சிகிச்சை, மசாஜ் ஆகியவற்றை ஏற்றது. பெல்ட்டும் இழுவையும் வேண்டாம் என்றது. நம் மருந்துக்கடைகளில் பெல்ட் இன்னும் வரிசையாகத் தொங்குகிறது. சிறுநீர் கழிப்பதில் தடுமாற்றம், உட்காரும் இடத்தில் மரத்துப்போதல், காலில் பலம் குறைதல் இருந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறேன். மற்றவர்களிடம் பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, அறைக்குள்ளேயே என்னோடு நடக்க வைக்கிறேன்.