தூத்துக்குடி டு திப்ருகர்: கால்குலேட்டர் சொல்றது 4 மணி நேரம்... நிஜத்தில் எவ்வளவு?

தெற்கே முத்து நகரம் தூத்துக்குடி. வடகிழக்கே அசாமின் தேயிலை நகரம் திப்ருகர். ரெண்டு ஊரிலுமே விமான நிலையம் இருக்கு. ஆனா, நேரடி விமானம் கிடையாது. வேலை, டூர், வீட்டில் ஓர் அவசரம்... காரணம் எதுவா இருந்தாலும் கிளம்பும் முன் இந்தக் கணக்கைத் தெரிஞ்சுக்கோங்க.

வான்வழி தூரம்

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் சுமார் 2,745 கி.மீ. ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு சுமார் 800 கி.மீ. ஏற, இறங்க அரை மணி நேரம் சேர்த்தா, மொத்தம் 4 மணி நேரம். ஆன்லைன் கால்குலேட்டர்கள் காட்டுறது இதைத்தான். எங்கேயும் இறங்காமல் பறக்கும் ஒரு கற்பனை விமானத்துக்கான கணக்கு இது!

எந்த வழி பெஸ்ட்?

* தூத்துக்குடி - சென்னை: சுமார் 530 கி.மீ., ஒன்றரை மணி நேரம். (இதுபோன்ற குறுகிய ரூட்களில் பறக்கும் ஏ.டி.ஆர். விமானங்களின் வேகம் மணிக்கு 500 கி.மீ.தான்.)
* சென்னை - கொல்கத்தா: சுமார் 1,385 கி.மீ., இரண்டே கால் மணி நேரம்.
* கொல்கத்தா - திப்ருகர்: சுமார் 850 கி.மீ., ஒன்றரை மணி நேரம்.

கூட்டினால் 2,765 கி.மீ. நேர்கோட்டைவிட 20 கி.மீ.தான் அதிகம். இதுவே டெல்லி வழியா போனா 4,000 கி.மீ.யைத் தாண்டிடும். டிக்கெட் விலை குறைவா இருக்கேன்னு டெல்லி ரூட்டை கிளிக் பண்றதுக்கு முன்னாடி இதை யோசிங்க.

நிஜ நேரம்

கொல்கத்தா வழியில் பறக்கிற நேரம் மட்டுமே ஐந்தே கால் மணி நேரம். இரண்டு இடங்களில் தலா 2, 3 மணி நேரக் காத்திருப்பு, முதல் விமானத்துக்கு முன்கூட்டியே போறது எல்லாம் சேர்த்தா, குறைந்தது 12 மணி நேரம். அதனால, கடைசியிலிருந்து பிளான் பண்ணுங்க. கொல்கத்தாவிலிருந்து திப்ருகருக்கு அன்றைய கடைசி விமானம் எப்போன்னு முதல்ல பாருங்க. அதைப் பிடிக்க முடியாதுன்னா, ஒருநாள் இரவு வழியில் தங்கணும்.

முடிஞ்சவரை மூன்று விமானங்களையும் ஒரே பி.என்.ஆர்.ல புக் பண்ணுங்க. முதல் விமானம் லேட்டாகி அடுத்ததைத் தவறவிட்டா, மாற்று ஏற்பாடு செய்ய வேண்டியது விமான நிறுவனம். தனித்தனி டிக்கெட்னா, அடுத்த டிக்கெட்டுக்கான பணம் உங்க பாக்கெட்டிலிருந்துதான்!

சூரியன் முந்திக்கும்

ரெண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றுதான். ஆனா, திப்ருகர் 17 தீர்க்கரேகை கிழக்கே இருக்கு. அதாவது, சூரியக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம். குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிடும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னால வெச்சு வேலை பார்க்கிற பழக்கம் உண்டு. அங்கிருந்து இன்னொரு ஊருக்கு டாக்ஸியில் போகணும்னா, மதியத்துக்குள் போய் இறங்கற மாதிரி பாருங்க. அருணாச்சலப் பிரதேசத்துக்குள் போறதுன்னா 'இன்னர் லைன் பெர்மிட்' கட்டாயம்.

ரயில்ல போலாமா?

போலாம். கன்னியாகுமரி - திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ், இந்தியாவின் மிக நீண்ட தூர ரயில். 4,150 கி.மீ.க்கு மேல், மூன்று நாள்களுக்கும் அதிகமான பயணம். நேரம் இருக்கிறவங்களுக்கு அது அனுபவம். அவசரம்னா, கொல்கத்தா வழி விமானம்தான் சரி.