சுற்றுப் பயணச் சீட்டும் முன்பதிவுக் காலக்கெடுவும்

புறப்பட்ட நிலையத்துக்கே வேறு வழியாகத் திரும்பிவரும் நெடும் பயணத்துக்கு இந்திய ரயில்வே வழங்கும் ஒரே சீட்டு சுற்றுப் பயணச் சீட்டு. 'சர்க்குலர் டிக்கெட்' என்றும் சொல்வதுண்டு. விமான நிறுவனக் கூட்டணிகள் விற்கும் உலகச் சுற்றுச் சீட்டுக்கு நம் நாட்டில் மிக நெருங்கிய உறவு இதுதான். இரண்டுக்கும் தலைவலியும் ஒன்றே: சீட்டு செல்லும் காலம் நீளமாக இருக்க, இருக்கை முன்பதிவு திறக்கும் காலம் அதற்கு ஈடு கொடுப்பதில்லை.

புதுக்கோட்டையிலிருந்து கிளம்பி ராமேசுவரம், மதுரை, சென்னை, காசி, டெல்லி, மும்பை, பெங்களூரு என்று சுற்றி ஊர் திரும்ப நினைக்கும் யாத்திரிகருக்கு இச்சீட்டு பொருந்தும். வழியில் அதிகபட்சம் 8 இடங்களில் இறங்கித் தங்கலாம். மொத்தத் தொலைவை இரண்டாகப் பிரித்து, இரு ஒருவழிப் பயணங்களாகக் கட்டணம் கணக்கிடுவார்கள். தொலைவு கூடக் கூடக் கிலோமீட்டருக்கான கட்டணம் குறைவதால், துண்டு துண்டாகச் சீட்டு எடுப்பதைவிட இது மலிவு.

இணையத்தில் இதை வாங்க முடியாது. பயண வழியை எழுதிக் கோட்ட வணிகப் பிரிவிடம் கொடுத்துக் கட்டணம் கணக்கிட்டு வாங்க வேண்டும். புதுக்கோட்டை நிலையம் மதுரைக் கோட்டத்தைச் சேர்ந்தது. சீட்டு கைக்கு வந்த பிறகே ஒவ்வொரு கட்டத்துக்கும் இருக்கை பதிவு செய்ய முடியும்.

சீட்டு செல்லும் நாட்களுக்கு ஒரு கணக்கு உண்டு. பயணத்துக்கு 400 கி.மீ.க்கு ஒரு நாள், தங்கலுக்கு 200 கி.மீ.க்கு ஒரு நாள். 6,000 கி.மீ. சுற்று என்றால் 15, 30, ஆக 45 நாள். முன்பதிவோ பயண நாள் நீங்கலாக 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். 2015 ஏப்ரல் முதல் 120 நாளாக இருந்த இந்த அவகாசம் 2024 நவம்பர் 1 முதல் பாதியாகக் குறைந்தது. வீணாகும் பதிவுகளைக் குறைக்க இது நல்ல முடிவுதான். சுற்றுப் பயணிக்கு மட்டும் இடைஞ்சல். முழு 45 நாளும் சுற்றுபவர், முதல் ரயிலுக்கு முன்பதிவு திறந்த அன்றே பதிந்தால், கடைசி ரயிலுக்குப் பதிய ஆறு வாரங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

உலகச் சுற்றுச் சீட்டிலும் இதே சிக்கல். அதன் ஆயுள் அதிகபட்சம் ஓராண்டு. விமான நிறுவனங்கள் பெரும்பாலும் 330 முதல் 360 நாளுக்கு முன்புதான் இருக்கைகளைத் திறக்கின்றன. அதனால் ஓராண்டு சுற்றுபவர்கள் பின்கட்டங்களுக்கு ஒப்புக்கு ஒரு தேதியைப் போட்டுச் சீட்டு எடுத்துப் பிறகு மாற்றிக்கொள்கிறார்கள். பதிவு செய்துவிட்டுக் குறித்த கெடுவுக்குள் பணம் கட்டிச் சீட்டாக்காவிட்டால், கணினியே பதிவை ரத்து செய்துவிடும்.

ரயிலில் இடம் தவறினால் தனியாகத் தட்கல் சீட்டு எடுக்கலாம். குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி, முந்தைய நாளில் திறக்கும். அந்த நாள், ரயில் தொடங்கும் ஊரிலிருந்து கிளம்பும் தேதியை வைத்தே எண்ணப்படும். சென்னையில் மாலை கிளம்பி நள்ளிரவுக்குப் பின் புதுக்கோட்டையைத் தொடும் ரயிலுக்கு, இங்கு ஏறுபவரின் கணக்கில் தட்கல் இரண்டு நாள் முன்பே திறந்துவிடும். ஆகவே நாட்காட்டியில் நாள் எண்ணும்போது, ஏறும் ஊரின் தேதியை அல்ல, ரயில் தொடங்கும் ஊரின் தேதியைப் பாருங்கள்.