அண்ணாமலைப் பல்கலைக்கழகம்: ஒரு தனியார் உறைவிடப் பல்கலைக்கழகத்தின் வரலாறு

அண்ணாமலைப் பல்கலைக்கழகம், கடலூர் மாவட்டம் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் உள்ளது. செட்டிநாட்டு வணிகர் அண்ணாமலை செட்டியாரின் கொடையால் 1929-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 84 ஆண்டுகள் நிறுவனர் குடும்பத்தின் செல்வாக்கில் இயங்கி, 2013-இல் தமிழ்நாடு அரசின் முழுப் பொறுப்பில் வந்தது. தமிழ், இசை, மொழியியல், கடல்வாழ் உயிரியல் ஆகிய துறைகளில் முன்னோடியாகவும், வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்பியவர்களுக்கு அஞ்சல்வழிக் கல்வி அளித்த நிறுவனமாகவும் இது அறியப்படுகிறது. இங்கு என்னென்ன கற்பிக்கப்பட்டன, மாணவர்களுக்கு என்னென்ன வசதிகள் கிடைத்தன, ஒரு குடும்பத்தின் பொறுப்பில் இருந்தது எவ்வாறு பொதுச் சொத்தானது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

1857-இல் தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் நெடுங்காலம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. பாடம் நடத்தியவை அதனுடன் இணைந்த கல்லூரிகள். அன்றைய தென் ஆர்க்காடு மாவட்டம் வடக்கே மரக்காணம் உப்பளங்கள், பொம்மையார்பாளையம் போன்ற கடலோரச் சிற்றூர்கள் முதல் தெற்கே சிதம்பரம் வரை பரந்திருந்தது. இப்பகுதியில் பள்ளிப்படிப்பை முடித்த மாணவர் பெரும்பாலும் சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ செல்ல வேண்டியிருந்தது. அதற்கு வசதி வேண்டும். வசதியில்லாதவரின் படிப்பு பள்ளியோடு நின்றுவிடும்.

கானாடுகாத்தானில் 1881-இல் பிறந்த அண்ணாமலை செட்டியார், 1920-இல் சிதம்பரத்தில் ஸ்ரீமீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அதைத் தொடர்ந்து தமிழுக்கும் வடமொழிக்கும் இசைக்கும் தனித்தனிக் கல்லூரிகள் எழுந்தன. தமிழ்க் கல்லூரியின் முதல்வராக உ. வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை பணியாற்றினார்.

பல்கலைக்கழகம் உருவாதல்

இக்கல்லூரிகளை ஒன்றிணைத்துப் பல்கலைக்கழகமாக்கும் திட்டத்திற்காக அண்ணாமலை செட்டியார் தம் கல்லூரிகளை ஒப்படைத்ததோடு 20 லட்சம் ரூபாயும் வழங்கினார். அரசும் தன் பங்குக்கு நிதி அளித்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறி, 1929 ஜூலை 1 முதல் பல்கலைக்கழகம் செயல்படத் தொடங்கியது. சென்னை, ஆந்திரா ஆகியவற்றுக்கு அடுத்து, சென்னை மாகாணத்தில் அமைந்த மூன்றாவது பல்கலைக்கழகம் இது. முதல் துணைவேந்தர் எஸ். இ. ரங்கநாதன். 1935 முதல் 1940 வரை வி. எஸ். சீனிவாச சாஸ்திரி அப்பொறுப்பில் இருந்தார்.

இதன் அமைப்பில் இரண்டு தனித்தன்மைகள் இருந்தன. முதலாவது, இதற்கு இணைப்புக் கல்லூரிகள் கிடையாது. பாடம் நடத்துவதும், தேர்வு வைப்பதும், பட்டம் தருவதும் ஒரே வளாகத்தில் நடந்தன. இரண்டாவது, மாகாண ஆளுநர் வேந்தராக இருந்தாலும், இணைவேந்தர் பதவி நிறுவனருக்கும் அவருடைய வழித்தோன்றல்களுக்கும் உரியதாயிற்று. துணைவேந்தர் நியமனத்தில் நிறுவனரின் பரிந்துரைக்குச் சட்டப்படி இடம் இருந்தது. பல்கலைக்கழகத்தின் வளர்ச்சியிலும் பிற்கால நெருக்கடியிலும் இந்த இரண்டாவது தன்மைக்குப் பெரும் பங்கு உண்டு.

தமிழ்க் கல்வி

அக்காலக் கல்லூரிகளில் தமிழ் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு அடுத்த மொழிப்பாடமாகவே இருந்தது. தமிழாசிரியரின் ஊதியமும் மதிப்பும் மற்ற ஆசிரியர்களைவிடக் குறைவு. அண்ணாமலை நகரில் தமிழுக்கெனப் பேராசிரியர் பதவி ஏற்படுத்தப்பட்டது. 1931 முதல் 1933 வரை அப்பதவியை வகித்தவர் மட்டக்களப்பில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். யாழ் பற்றி அவர் செய்த ஆராய்ச்சி 1947-இல் 'யாழ் நூல்' என வெளிவந்தது. அவருக்குப் பின் 1938 வரை நாவலர் சோமசுந்தர பாரதியார் பேராசிரியராக விளங்கினார். கா. சுப்பிரமணிய பிள்ளை, பண்டிதமணி கதிரேசன் செட்டியார், ஔவை துரைசாமிப் பிள்ளை, தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் எனத் தமிழ்ப் பேரறிஞர் வரிசை நீண்டது. தேவநேயப் பாவாணர் 1956 முதல் 1961 வரை இங்கு சொல்லாராய்ச்சியில் ஈடுபட்டார். கம்பராமாயணப் பதிப்பு இத்துறையின் பெரும்பணிகளுள் ஒன்று.

மரபுவழி இலக்கணப் பயிற்சி அளிக்கும் புலவர் படிப்பும், ஆங்கிலக் கல்வியோடு இணைந்த தமிழ்ப் பட்டப்படிப்பும் இங்கு அருகருகே நடந்தன. தொல்காப்பியத்தை உரையோடு ஓதியவரும் மேல்நாட்டு ஆராய்ச்சி முறையைக் கற்றவரும் ஒரே வளாகத்தில் இருந்தனர். பின்னாளில் அமைச்சர்களான இரா. நெடுஞ்செழியனும் க. அன்பழகனும் இங்கு தமிழ் படித்தவர்கள். இதே மாவட்டத்தில், பொம்மபுர ஆதீனத்தின் ஆதரவில் மயிலத்தில் 1930-களின் இறுதியில் ஒரு தமிழ்க் கல்லூரி தோன்றியது. தமிழ் படித்தவர்களுக்குப் பள்ளிகளில் ஆசிரியர் பணி கிடைத்ததால், ஊர்ப்புறப் பிள்ளைகளுக்கு இத்தகைய படிப்புகள் வாழ்க்கைக்கு வழிகாட்டின.

1950-களில் மொழியியல் தனித்துறையாக வளர்ந்தது. அதை வளர்த்தெடுத்த தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார்.

இசைக் கல்வி

குருவின் வீட்டில் தங்கி, அவருக்குப் பணிவிடை செய்து, ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பழகுவதே இசை கற்கும் மரபாக இருந்தது. அந்தப் பயிற்சியைப் பாடத்திட்டம், வகுப்பு, தேர்வு என்ற ஒழுங்கிற்குள் கொண்டுவந்த முயற்சிகளில் அண்ணாமலை நகர் இசைக்கல்லூரி குறிப்பிடத்தக்கது. சபேச ஐயர், டைகர் வரதாச்சாரியார், தஞ்சை பொன்னையா பிள்ளை, தண்டபாணி தேசிகர் போன்றோர் இங்கு கற்பித்தனர். இங்கு வழங்கப்பட்ட 'சங்கீத பூஷணம்' பட்டத்தை நாடி யாழ்ப்பாணத்திலிருந்தும் மாணவர்கள் வந்தனர்.

கச்சேரி மேடைகளில் தெலுங்கு, வடமொழிப் பாடல்களே மிகுந்திருந்த காலம் அது. தமிழில் பாடல்கள் இயற்றவும் அவற்றைக் கற்பிக்கவும் அண்ணாமலை செட்டியார் நிதி ஒதுக்கினார். 1941-இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு நடந்தது. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாடல்களுக்கு முதலிடம் வேண்டும் என்ற கோரிக்கை ஆதரவையும் கடும் எதிர்ப்பையும் ஒருங்கே சந்தித்தது. இதன் தொடர்ச்சியாகவே 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் உருவானது. ஒரு பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம் மாநில அளவிலான பண்பாட்டு இயக்கமாக விரிந்ததற்கு இது நல்ல சான்று.

அறிவியல், தொழில்நுட்பம்

1945-இல் பொறியியலும் 1950-களின் இறுதியில் வேளாண்மையும் சேர்க்கப்பட்டன. பேராசிரியர் ஆர். வி. சேஷையாவின் முயற்சியால் பரங்கிப்பேட்டையில் கடல்வாழ் உயிரியல் நிலையம் வளர்ந்தது. வெள்ளாறு கடலில் கலக்கும் முகத்துவாரமும் அருகிலுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காடும் இம்மாணவர்களுக்கு இயற்கை ஆய்வுக்கூடங்களாயின. நன்னீரும் உப்புநீரும் கலக்குமிடத்தில் மீனும் இறாலும் எவ்வாறு வளர்கின்றன என்பதை நேரில் கண்டு ஆராய இவ்விடம் மிகப் பொருத்தமானது.

மாணவர் வாழ்வு

உறைவிடப் பல்கலைக்கழகம் என்பதால், விடுதி இங்கு கல்வியின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. வகுப்பறை, விடுதி, நூலகம், ஆசிரியர் குடியிருப்பு, விளையாட்டுத் திடல் எல்லாம் நடந்துசெல்லும் தொலைவில் இருந்தன. மாலையில் ஆசிரியரின் வீட்டுத் திண்ணையில் ஐயம் தீர்த்துக்கொள்ள முடிந்தது. துணைவேந்தராக இருந்த சி. பி. இராமசாமி ஐயரின் பெயரை நூலகமும், சீனிவாச சாஸ்திரியின் பெயரைப் பேரரங்கமும் தாங்கியுள்ளன. வளாகத்தைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பு இன்று தனிப் பேரூராட்சி.

பல ஊர்களிலிருந்து வந்த இளைஞர்கள் ஒரே இடத்தில் தங்கியதால் அரசியல் உணர்வும் அங்கு வேகமாகப் பரவியது. விடுதலைப் போராட்டம், திராவிட இயக்கம், மொழிப் போராட்டம் ஆகிய மூன்றிலும் அண்ணாமலை நகர் மாணவர்கள் பங்கேற்றனர். 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். பல்கலைக்கழகத்தில் அவருக்குச் சிலை உள்ளது.

அஞ்சல்வழிக் கல்வி

1979-இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி, வளாகத்துக்கு வர இயலாதவர்களிடம் பல்கலைக்கழகத்தைக் கொண்டுசென்றது. அச்சிட்ட பாடநூல்கள் தபாலில் வந்தன. விடுமுறை நாள்களில் நேர்முக வகுப்புகளும், பல ஊர்களில் தேர்வு மையங்களும் இருந்தன. இடைநிலை ஆசிரியர்கள், எழுத்தர்கள், காவலர்கள், திருமணத்தால் படிப்பை நிறுத்திய பெண்கள் எனப் பல தரப்பினர் சேர்ந்தனர். பள்ளி ஆசிரியர்களுக்குக் கூடுதல் பட்டம் பதவி உயர்வுக்கும் ஊக்க ஊதியத்துக்கும் உதவியது. பகலில் பாடம் நடத்திவிட்டு இரவில் தாமே மாணவராகப் படித்த ஆசிரியர்கள் தமிழ்நாடெங்கும் இருந்தனர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மையங்கள் பெருகியபோது தரமும் எல்லையும் பற்றிய கேள்விகள் எழுந்தன. 2014-15 கல்வியாண்டு வரை மட்டுமே இத்தொலைநிலைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் உண்டு என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் அறிவித்தது. அதற்குப் பின் சேர்ந்தவர்கள் தம் பட்டம் செல்லுமா என்ற கவலைக்கு ஆளாயினர்.

நெருக்கடியும் அரசுப் பொறுப்பும்

அண்ணாமலை செட்டியார் 1948-இல் மறைந்தார். அவருக்குப் பின் மகன் முத்தையா செட்டியாரும், அவரை அடுத்து எம். ஏ. எம். இராமசாமியும் இணைவேந்தராயினர். 1980-களில் பல் மருத்துவக் கல்லூரியும் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியும் தோன்றின. பல்கலைக்கழகத்தின் அளவு பல மடங்கு பெருகியது. ஊழியர் எண்ணிக்கையும் தேவைக்கு மேல் ஏறி, 12,000 என்ற அளவை எட்டியது. ஊதியம் கொடுக்கவே நிதி போதாத நிலை வந்தது. 2012-இன் இறுதியில் ஊதியக் குறைப்பு, ஆட்குறைப்பு பற்றிய பேச்சு எழுந்ததும் ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினர்.

2013 ஏப்ரலில் அரசு ஒரு நிர்வாகியை நியமித்தது. அவ்வாண்டே புதிய சட்டம் இயற்றப்பட்டு, செப்டம்பர் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. நிறுவனரின் பரம்பரை உரிமை முடிவுற்றது. மிகுதியான ஊழியர்கள் அரசுக் கல்லூரிகளுக்கும் பிற துறைகளுக்கும் அனுப்பப்பட்டனர்.

ஆனால் அரசுப் பொறுப்பில் வந்தவுடன் மருத்துவ மாணவர்களின் கட்டணம் குறைந்துவிடவில்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளைவிடப் பல மடங்கு கட்டணம் தொடர்ந்து வாங்கப்பட்டது. நிர்வாகம் அரசுடையது என்றால் கட்டணம் ஏன் தனியாருடையது என்று மாணவர்கள் கேட்டனர். அவர்கள் 2020 டிசம்பரில் தொடங்கிய போராட்டம் வாரக்கணக்கில் நீடித்தது. அதன் பின்னரே அக்கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியானது.

2021 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டத்தால் விழுப்புரத்து ஜெயலலிதா பல்கலைக்கழகம் இதனுடன் இணைக்கப்பட்டது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகள் இதன் இணைப்புக் கல்லூரிகளாயின. இணைப்புக் கல்லூரியே வேண்டாம் என்று தொடங்கிய பல்கலைக்கழகம், இன்று மரக்காணம் கடற்கரை வரையுள்ள மாணவர்களுக்கும் பட்டம் வழங்குகிறது.

மதிப்பீடு

சந்தையில் விலைபோகாத தமிழுக்கும் இசைக்கும் ஒரு தனிமனிதரின் கொடை இடமளித்தது. சிறிய வளாகமும் விடுதி வாழ்க்கையும் ஆசிரியரையும் மாணவரையும் நெருக்கமாக்கின. இவை தனியார் முயற்சியின் நற்பயன்கள். கணக்குக் கேட்க ஆளில்லாத அதே அமைப்பு, அளவு பெருகியபோது சுமையாக மாறி, இறுதியில் மாணவரையும் ஊழியரையும் அழுத்தியது. இன்று பல தனியார் பல்கலைக்கழகங்கள் எழும் தமிழ்நாட்டில், இந்த இரண்டு பாடங்களையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.